மலைக்கு வந்த பிளக், போன பிளக், திரும்பி வந்த பிளக்



பழனி மலையோட வரலாறுன்னு யாராவது எழுத உட்கார்ந்தா கொடைக்கானல் ஏரி, வெள்ளைக்காரங்க கட்டின பங்களா, குறிஞ்சிப் பூ இதோட முடிச்சிடுவாங்க. எங்களை மாதிரி கீழ்ப்பழனி மலையில காப்பியும் மிளகும் சவ்சவ்வும் போடுறவங்களுக்கு வரலாறுன்னா முதல்ல ஞாபகம் வர்றது பாதையும் வண்டியும்தான். விளைஞ்சது சந்தைக்குப் போய்ச் சேரலைன்னா விளைஞ்சு என்ன பிரயோஜனம்? அதனால இன்னைக்கு விரல் நீளத்துல இருக்கிற ஒரு சின்ன சாமானை வைச்சு எங்க மலை வண்டிகளோட கதையைச் சொல்லப் போறேன். அந்தச் சாமான் ஸ்பார்க் பிளக். எங்க ஊர்ல வெறும் பிளக்.

போன மாசம் என் பிக்கப் வண்டிக்கு வீட்டு வாசல்லயே நாலு பிளக்கும் மாத்தினேன். பக்கத்து வீட்டுப் பையன், படிச்சவன், "என்ன மாமா, இதையெல்லாம் வீட்டுலயே செய்யலாமா?"ன்னு கேட்டான். நாற்பது வருசத்துக்கு முன்னாடி எங்க ஊர்ல யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டாங்க. இந்தக் கேள்வி எப்படி வந்துச்சுங்கறதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல பிளக்னா என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். பெட்ரோல் இன்ஜின்ல காத்தும் பெட்ரோலும் கலந்து உள்ளே போகும். பிஸ்டன் அதை அழுத்தும். அந்த நேரத்துக்குச் சரியா ஒரு நெருப்புப் பொறி விழணும். அந்தப் பொறியைப் போடுறது பிளக். நடுவுல ஒரு கம்பி, சுத்தி வெள்ளைப் பீங்கான், வெளியே மரை போட்ட இரும்பு, நுனியில வளைஞ்ச ஒரு சின்னக் கொக்கி. கம்பிக்கும் கொக்கிக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. பத்தாயிரம், இருபதாயிரம் வோல்ட் மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும்போது பொறி பறக்குது. வத்தலக்குண்டுல இருந்து எங்க ஊர் ஏற ரெண்டு மணி நேரம் ஆகுதுன்னு வைங்க. இன்ஜின் நிமிசத்துக்கு 2500 சுத்து சுத்தினா, ஒவ்வொரு பிளக்கும் ஒன்றரை லட்சம் தடவை பொறி போட்டிருக்கும். அதுல கொஞ்சம் தவறினாலும் வண்டி மிஸ்ஸிங் அடிக்கும், ஏத்தத்துல இழுக்காது.

1860ல பாரிஸ்ல லெனோர்ங்கிறவர் செஞ்ச கேஸ் இன்ஜின்லயே மின்சாரப் பொறிதான் பத்த வைச்சுது. ஆனா நம்பி ஓட்டுற அளவுக்கு அது வரலை. ஆரம்ப கால மோட்டார் வண்டிகள் பலதுல பழுக்கக் காய்ச்சின குழாயை வைச்சுத்தான் பத்த வைச்சாங்க. 1902ல ஜெர்மனியில ராபர்ட் பாஷ் பட்டறையில ஹோனோல்டுங்கிற இன்ஜினியர் உயர் அழுத்த மின்சாரம் தர்ற மேக்னெட்டோவையும் அதுக்கு ஏத்த பிளக்கையும் சேர்த்துக் கொண்டுவந்தார். மோட்டார் வண்டி உலகம் பூரா ஓட ஆரம்பிச்சதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அந்த சமயத்துல எங்க மலையில என்ன ஓடுச்சு? ஒண்ணும் ஓடலை, எல்லாம் நடந்துச்சு. 1875ல ரயில் பாதை அம்மையநாயக்கனூர் பக்கம் வந்து கொடைக்கானல் ரோடுன்னு ஸ்டேசன் வைச்சாங்க. அங்கிருந்து மாட்டு வண்டியில அடிவாரம். பெரியகுளம் பக்கம் இருந்து மேலே ஏற டோலி, மட்டக்குதிரை, சுமைக்கூலி. துரைமார் குடும்பங்களையும் அவங்க தட்டுமுட்டுச் சாமான்களையும் தோள்ல தூக்கிக்கிட்டுப் போனவங்க நம்ம ஆளுங்கதான். எங்க பக்கத்துல காப்பி, ஆரஞ்சு, மலைவாழை எல்லாம் பொதிக்குதிரையிலயும் தலைச்சுமையிலயும்தான் இறங்குச்சு. நெடுங்காலம் ரோடு இல்லாம இருந்த வெள்ளகெவி மாதிரி ஊர்களுக்கு அரிசி பருப்பு குதிரை முதுகுல போறதை நம்ம காலத்துலயே பார்த்திருக்கோம்.

வத்தலக்குண்டுல இருந்து கொடைக்கானல் போற மலைச்சாலை, லாஸ் காட் ரோடுன்னு சொல்வாங்களே, அது 1914ல முடிஞ்சது. அதுக்கப்புறம்தான் பிளக் வைச்ச வண்டி எங்க மலை ஏறுச்சு. மலைக்கு அந்தப் பக்கம் அடிவாரத்துல 1920ல ஜி.டி. நாயுடு ஒரே ஒரு பஸ்ஸை வைச்சுக்கிட்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்ட ஆரம்பிச்சார். அவர் பின்னால எவ்வளவு பெரிய ஆளா வந்தார்னு உங்களுக்குத் தெரியும். அவர் கதை ஆரம்பிச்சது பழனி ரோட்டுல ஓடின அந்தப் பஸ்லதான். அப்பல்லாம் பஸ் ஓட்டுறவரேதான் மெக்கானிக். வழியில நின்னா வந்து பார்க்க யாரும் கிடையாது.

ரெண்டாம் உலகப் போர் வந்ததும் பெட்ரோலுக்கு ரேசன் போட்டாங்க. தமிழ்நாட்டுல பஸ்களுக்குப் பின்னாடி பெரிய டிரம் மாதிரி ஒண்ணைக் கட்டி, அதுல அடுப்புக்கரியை எரிச்சு, வர்ற கேஸ்ல இன்ஜினை ஓட்டினாங்க. கரி பஸ்ன்னு பெரியவங்க சொல்லக் கேட்டிருப்பீங்க. இன்ஜின் அதே பெட்ரோல் இன்ஜின், அதே பிளக். கேஸோட தூசியும் புகையும் சேர்ந்து போறதால பிளக்கைக் கழட்டித் துடைக்கிறது அன்றாட வேலை. பல் விளக்குற மாதிரி.

போர் முடிஞ்சதும் ஜீப் வந்துச்சு. எங்க மலைக்கு ரோடு வந்ததை விடப் பெரிய மாத்தம் அதுன்னு நான் சொல்வேன். அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் கம்பெனி செஞ்ச வண்டி. ராணுவம் வேண்டாம்னு ஏலம் விட்டதை டிஸ்போசல் ஜீப்புன்னு வாங்கி ஓட்டினாங்க. மகிந்திரா கம்பெனி 1945ல மகிந்திரா அண்ட் முகமதுன்னு ஆரம்பிச்சது. கூட்டாளி குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அங்கே நிதி மந்திரி ஆயிட்டார். 1940களோட கடைசியில வில்லிஸ் ஜீப்பை உதிரி உதிரியா வரவழைச்சு பம்பாயில பூட்ட ஆரம்பிச்சாங்க. அப்புறம் இங்கேயே முழுசா செஞ்சாங்க. பின்பக்கம் தொட்டி வைச்ச பிக்கப்பும் அந்த வம்சத்துலயே வந்துச்சு.

அந்த இன்ஜின் 2.2 லிட்டர், நாலு சிலிண்டர், நாலு பிளக். முதல்ல வந்த இன்ஜின்ல பானட்டைத் தூக்கினா தட்டையான ஹெட்டு மேல நாலு பிளக்கும் வரிசையா நின்னுக்கிட்டு இருக்கும், கையை நீட்டினா எட்டும். ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு டாமி, ஒரு உப்புத்தாள், அவ்வளவுதான் ஒர்க்‌ஷாப்பு.

எங்க மலையில இந்த வேலை அடிக்கடி வந்துச்சு. காரணம் உயரம். வத்தலக்குண்டு கிட்டத்தட்ட ஆயிரம் அடி. கொடைக்கானல் ஏழாயிரம் அடி. அங்கே காத்தழுத்தம் கடற்கரையில இருக்கிறதுல முக்கால் பங்கு கணக்குதான். கார்புரேட்டருக்கு அது தெரியாது. கீழே எவ்வளவு பெட்ரோல் விட்டுச்சோ கிட்டத்தட்ட அதே அளவு மேலேயும் விடும். காத்து கம்மி, பெட்ரோல் ஜாஸ்தி. முழுசா எரியாம கரியா பிளக் மேல படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். பொறியாக் குதிக்க வேண்டிய மின்சாரம் கரி வழியா நழுவிப் போயிடும். ஒரு பிளக் நின்னா நாலுல ஒரு பங்கு பலம் போச்சு. மூட்டையை ஏத்திக்கிட்டு கொண்டை ஊசி வளைவுல திணறுறப்பதான் அந்த ஒரு பங்கோட அருமை தெரியும்.

எங்க பெரியப்பா ஜீப் டிரைவர். எந்த பிளக் நின்னுச்சுன்னு கண்டுபிடிக்க இன்ஜினை ஓட விட்டு, மரக்கைப்பிடி போட்ட ஸ்குரூ டிரைவரால ஒவ்வொரு பிளக்கா தலையையும் இரும்பையும் தொடுவார். நல்லா இருக்கிற பிளக்கைத் தொட்டா இன்ஜின் சத்தம் மாறும். செத்த பிளக்கைத் தொட்டா ஒரு மாத்தமும் இருக்காது. அதைக் கழட்டி, கொஞ்சம் பெட்ரோல் ஊத்திப் பத்த வைச்சு கரியை எரிப்பார். உப்புத்தாள்ல தேய்ப்பார். கொக்கியைத் தட்டி இடைவெளி வைப்பார். வில்லிஸ் கணக்குப்படி அது ஒரு அங்குலத்துல ஆயிரத்துல முப்பது பங்கு. பீலர் கேஜ் இல்லாத இடத்துல ஆக்ஸா பிளேடு ஒண்ணைச் செருகிப் பார்ப்பாங்க, அது கிட்டத்தட்டப் பக்கத்துல வரும்.

ஆனா அவர் முதல்ல செய்யறது வேற. கழட்டின பிளக்கைக் கையில வைச்சு நுனியை உத்துப் பார்ப்பார். வைத்தியர் நாக்கைப் பார்க்கிற மாதிரி. இளம் காப்பிப்பொடி நிறத்துல இருந்தா இன்ஜின் சுகம். காய்ஞ்ச கரியா இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி, அல்லது ஏர் கிளீனர் அடைப்பு. கறுப்பா எண்ணெய் வழிஞ்சா ரிங் தேய்ஞ்சு ஆயில் மேலே வருது. வெள்ளையா வெந்து போயிருந்தா காத்து ஜாஸ்தி, இன்ஜின் சூடேறுது. அந்தக் காலப் பெட்ரோல்ல ஈயம் கலந்திருந்ததால சாம்பலும் மஞ்சளுமா ஒரு படிவும் இருக்கும். 2000 பிப்ரவரியில நாடு பூரா ஈயப் பெட்ரோலை நிறுத்தினாங்க, அதோட அந்த நிறமும் போச்சு.

பள்ளிக்கூடம் போகாதவங்க கூட இந்த நாலைஞ்சு நிறத்தையும் படிச்சாங்க. இன்ஜின் உள்ளே என்ன நடக்குதுன்னு பிரிக்காமலே சொன்னாங்க. வண்டி அவங்க சொத்து மட்டும் இல்லைங்க, அதோட நோவும் அவங்களுக்குத் தெரிஞ்ச நோவு. பிளக்கும் கிடைக்கிற சாமான் ஆயிடுச்சு. 1951ல ஆரம்பிச்ச மைக்கோ கம்பெனி, பாஷ் கூட்டுல, பெங்களூர்ல பிளக் செய்ய ஆரம்பிச்சதும் மைக்கோ பிளக் சின்ன டவுன் கடையில கூட தொங்குச்சு.

அப்புறம் பிளக் போச்சு. எப்படிப் போச்சு?

1973ல அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தினதும் பெட்ரோல் விலை தாவுச்சு. நம்ம நாட்டுல டீசல் விலையை அரசாங்கம் கம்மியா வைச்சிருந்தது. லாரி, பஸ், டிராக்டர் எல்லாம் அதுல ஓடணுமே. பெட்ரோல் ஜீப் வைச்சிருந்தவங்களுக்குக் கட்டுப்படியாகலை. மகிந்திரா 1979ல பிரான்ஸ் நாட்டு பியூஜோ கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு டீசல் இன்ஜின் செய்ய வந்துச்சு. பழைய ஜீப்புல பெட்ரோல் இன்ஜினைக் கழட்டிட்டு டீசல் இன்ஜின் உட்கார வைக்கிறதே ஒரு தொழிலா ஆச்சு. நான் பள்ளிக்கூடம் படிச்ச காலத்துல எங்க மலையில சத்தமே மாறிப்போச்சு. முன்னாடி உறுமல், அப்புறம் கடகடப்பு.

டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை மட்டும் பயங்கரமா அழுத்தும். அந்த அழுத்தத்துலயே காத்து காய்ஞ்சு போகும். அதுல டீசலைப் பீய்ச்சினா தானா பத்திக்கும். குளிர்ல ஸ்டார்ட் ஆக ஹீட்டர் பிளக்னு ஒண்ணு உண்டு, அது பேர்லதான் பிளக்.

பொறிக்குப் பதிலா இங்கே எல்லாம் பம்பும் நாசிலும். அதையும் செஞ்சது யாருன்னு நினைக்கிறீங்க? அதே மைக்கோதான். டீசல் பம்புன்னாலே மைக்கோ பம்புன்னு பேர் ஆயிடுச்சு. ஒரே கம்பெனி ஒரு கையால பிளக்கும் மறு கையால பம்பும் கொடுத்துச்சு. ரெண்டுக்கும் ஒரு வித்தியாசம். பிளக்கைத் திண்ணையில உட்கார்ந்து பார்க்கலாம். பம்பை அப்படிப் பார்க்க முடியாது. மயிரிழை கணக்குல கடைஞ்ச சாமான் அது. தூசி படாம, மெசின்ல பூட்டி, இத்தனை சுத்துக்கு இத்தனை சொட்டுன்னு அளந்து சீல் வைக்கணும். அதுக்கு திண்டுக்கல், மதுரைன்னு இறங்கணும்.

டீசலைக் குறை சொல்லலை. மூட்டையோட ஏத்தம் ஏறுறதுக்கு அதுக்கு நிகர் கிடையாது. பெட்ரோல் செலவுல பாதி கூட ஆகலை. எங்க காய்கறி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கட்டுப்படியாகிற வாடகையில போச்சுன்னா அதுக்கு டீசல்தான் காரணம். ஆனா அதுக்கு நாங்க கொடுத்த விலை ஒண்ணு உண்டு, அது எந்தக் கணக்குலயும் வராது. வைத்தியம் வீட்டை விட்டு டவுனுக்குப் போயிடுச்சு. 2005ல டாடா ஏஸ், நம்ம குட்டி யானை, ரெண்டு சிலிண்டர் டீசல் இன்ஜினோட வந்து சின்ன விவசாயிகூட சொந்தமா வண்டி வைக்கலாம்னு ஆச்சு. வண்டி வைச்சிருந்தவங்க கூடினாங்க. வண்டி தெரிஞ்சவங்க குறைஞ்சாங்க. பெரியப்பா வயசுக்காரங்க ஒவ்வொருத்தரா போகப் போக, அந்த நிறம் பார்க்கிற படிப்பும் கூடவே போச்சு. இன்னைக்கு எங்க ஊர்ல எத்தனையோ பேருக்கு ஓட்டத் தெரியும். பானட்டைத் தூக்கிப் பார்க்கத் தயக்கம்.

இப்ப பிளக் திரும்பி வந்திருக்கு.

2013ல இருந்து டீசல் விலையை மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, 2014 அக்டோபர்ல அரசாங்கம் கட்டுப்பாட்டையே எடுத்திடுச்சு. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த பெரிய பள்ளம் மேடாயிடுச்சு. 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 விதி வந்துச்சு. டீசல் புகையைச் சுத்தம் பண்ணுற சாமான்கள் சின்ன இன்ஜின்ல வைச்சா வண்டி விலை எகிறிடும். மாருதி டீசல் இன்ஜினையே விட்டுடுச்சு, சூப்பர் கேரி பெட்ரோல்லயும் சி.என்.ஜி.யிலயும்தான் வருது. குட்டி யானையிலயே பெட்ரோல் வந்திடுச்சு. பெட்ரோலோ கேஸோ, ரெண்டுக்கும் பொறி வேணும்.

ஆனா வந்தது அதே பிளக் இல்லை, அதே வண்டியும் இல்லை. கார்புரேட்டர் கிடையாது. காத்து கம்மியானா சென்சார் பார்த்துப் பெட்ரோலைக் குறைச்சுக்கும். அதனால மலை ஏறினா பிளக் கரியாகிற பழைய நோய் இப்ப இல்லை. டெல்கோ கிடையாது, அதாவது நாலு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரிச்சுக் கொடுக்கிற அந்த மூடி. பல வண்டியில ஒவ்வொரு பிளக் தலையிலயும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கு. மத்ததெல்லாம் கம்ப்யூட்டர், லேப்டாப் சொருகினாத்தான் பேசும். இத்தனைக்கு நடுவுல, நம்ம கையால கழட்டி, நம்ம கண்ணால படிக்க மிச்சம் இருக்கிறது இந்த பிளக் ஒண்ணுதான். அதனாலதான் நான் வாசல்ல உட்கார்ந்து மாத்தினேன். கூலி மிச்சம் கொஞ்சம்தான். மெக்கானிக்கைத் தேடி வண்டியை இறக்கினா ஒரு நாள் போச்சு. பீன்ஸ் பறிக்கிற நாள்ல ஒரு நாள் போனா பீன்ஸ் முத்திப்போகும்.

பையனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். இன்ஜின் நல்லா ஆறணும், இது முதல் விதி. பழைய ஜீப் வார்ப்பிரும்பு, சூட்டுலயும் தாங்கும். இப்ப ஹெட்டு அலுமினியம், சூட்டுல திருகினா மரையோட வரும். சின்ன பிக்கப்புல இன்ஜின் சீட்டுக்கு அடியில, சீட்டைத் தூக்கணும். காயில் வயர் கிளிப்பை அமுக்கிக் கழட்டி, போல்ட்டை எடுத்து, காயிலை நேரா மேலே இழுக்கணும். சைக்கிள் பம்பால குழியை ஊதுங்க, இல்லேன்னா மலை மண்ணு பூரா சிலிண்டருக்குள்ளே போயிடும். உள்ளே ரப்பர் இருக்கிற நீள சாக்கெட்டால கழட்டுங்க. ஒவ்வொண்ணா கழட்டி ஒவ்வொண்ணா மாட்டுங்க. புதுசைக் கையாலயே கடைசி வரை திருகணும். கையில ஓடலைன்னா மரை சரியா சேரலைன்னு அர்த்தம், வெளியே எடுத்து மறுபடி வைங்க. உட்கார்ந்ததுக்கப்புறம் புத்தகத்துல போட்டிருக்கிற அளவுக்கு இறுக்கினாப் போதும், பலத்தைக் காட்டக் கூடாது. பிளக் நம்பரும் புத்தகத்துல உள்ளதுதான். ஒரு கம்பெனியில நம்பர் கூடினா குளிர் பிளக், இன்னொரு கம்பெனியில கூடினா சூட்டு பிளக், கடைக்காரர் சொல்றதை நம்பிப் போடாதீங்க. பெரியப்பா செஞ்ச ஸ்குரூ டிரைவர் வித்தையை மட்டும் இந்த வண்டியில செய்யாதீங்க, காயிலும் கம்ப்யூட்டரும் சேர்ந்து போயிடும்.

என் வண்டியில நாலு பிளக்கும் இளம் காப்பி நிறத்துல இருந்துச்சு. மூணாவது மட்டும் மரை கிட்ட லேசா எண்ணெய் ஈரம். அது குழிக்குள்ளே மேல இருந்து கசியற ஆயில், வால்வு கவர் சீல் மாத்தணும்னு அர்த்தம். இன்ஜின் உள்ளே நல்லா இருக்கு. எந்த லேப்டாப்பும் இல்லாம இவ்வளவும் தெரிஞ்சுது. பையன் நாலையும் போட்டோ எடுத்துக்கிட்டுப் போனான். நாலைஞ்சு நிறத்துக்கும் அர்த்தம் எழுதிக் கேட்டான், எழுதிக் கொடுத்தேன்.

டவுன்ல இருக்கிற நீங்க இதையெல்லாம் வீட்டுல செய்யணும்னு நான் சொல்லலை. அடுத்த தடவை காரையோ பைக்கையோ சர்வீஸ் விடும்போது, மாத்தின பழைய பிளக்கைக் கொடுங்கன்னு கேட்டு வாங்குங்க. நீங்க காசு கொடுத்த சாமான், கேட்கிறதுல தப்பில்லை. நுனியைத் திருப்பி வெளிச்சத்துல பாருங்க. என்ன நிறம்னு பார்த்து, ஏன்னு அந்த மெக்கானிக்கிட்டயே கேளுங்க. தெரிஞ்சவரா இருந்தா சந்தோசமா சொல்வார்.